தச்சன் கைச் சுவடு

தோட்டங்களில் வாழும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, உங்களோடு இன்று மரத்தைப் பற்றியும், மரத்தைச் செதுக்கிய கைகளைப் பற்றியும் சற்று நேரம் பேச விரும்புகிறோம்.

பேச்சை உங்கள் வீட்டு அடுக்களையிலிருந்தே தொடங்குவோம். தீபாவளி நெருங்கும்போது பரண்மேலிருந்து இறங்கி வருகிறதே முறுக்கு உரல், அது மரத்தால் ஆனதா? அப்படியானால் அதை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். பாட்டியின் கைபட்டு வழவழப்பான பிடி. அதற்குக் கீழே யாரோ ஓர் ஆசாரி உளியால் இழைத்த இரண்டு வளையங்கள். அந்த ஆசாரி யார்? எந்த ஊரிலிருந்து வந்தவர்? எந்த ஆண்டில் அதைச் செய்தார்? நம்மில் பலருக்கு விடை தெரியாது. உரல் இருக்கிறது, பெயர் இல்லை. இந்தச் சிறிய குறையிலிருந்துதான் இன்றைய வரலாறு தொடங்குகிறது.

கையால் செதுக்கிய பழைய தளவாடங்களைத் தேடிச் சேர்ப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவர்கள் ஏன் சேர்க்கிறார்கள், எதற்கு அவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் நமக்கும் ஒரு பாடம் கிடைக்கும். முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். பிறகு செட்டிநாட்டுக்குப் போய்விட்டு, நம் ஜொகூருக்கே திரும்பி வருவோம்.

இங்கிலாந்து நாட்டுக்கு ஓக் மரம் எப்படியோ, தமிழ்நாட்டுக்குத் தேக்கு அப்படி. தமிழ் வேதாகமம் படிப்பவர்கள் இதைக் கர்வாலி மரம் என்று அறிந்திருப்பார்கள். மெல்ல வளரும்; நெடுங்காலம் வாழும்; வைரம் பாய்ந்தால் உளியை எதிர்த்து நிற்கும். அந்நாட்டார் ஒரு காலத்தில் கப்பலும், தேவாலயக் கூரையும், வீட்டு மேசையும் இந்த மரத்தால்தான் செய்தார்கள். பின்னர் இயந்திரங்கள் வந்தன. ஆலைகள் மலிவான சாமான்களை ஆயிரக்கணக்கில் வெளியே தள்ளின. கைவேலைத் தச்சர்கள் ஒருவர்பின் ஒருவராக உளியைக் கீழே வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் யார்க்ஷயர் பகுதியில் கில்பர்ன் என்ற சிற்றூரில் ராபர்ட் தாம்சன் என்ற தச்சர் இருந்தார். 1876-ல் பிறந்தவர், 1955-ல் மறைந்தவர். ஆலைச் சாமான்களை அவர் பார்த்துக் கற்கவில்லை. பழைய தேவாலயங்களுக்குள் சென்று, நூற்றாண்டுகளுக்கு முந்திய தச்சர்கள் செய்து வைத்த வேலையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். வெட்டிய ஓக் பலகைகளைக் காற்றிலும் வெளியிலும் ஆண்டுக்கணக்கில் உலரவிட்டு, அதன் பிறகே வேலைக்கு எடுத்தார். மேசைப் பலகையை முடிப்பதற்கு வாய்ச்சியைக் கையாண்டார். நம் ஆசாரிமார் பிடிக்கும் வாய்ச்சியை ஒத்த கருவிதான் அது. அவர் செய்த மேசை கண்ணுக்குச் சமமாகத் தெரியும். கையால் தடவினால் குளத்து நீரில் எழும் சிற்றலை போல மேடும் பள்ளமும் விரலில் தட்டுப்படும்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. தாம் செய்த நாற்காலியின் காலிலோ, மேசையின் ஓரத்திலோ ஒரு சின்னஞ்சிறு எலியைச் செதுக்கி வைப்பார். காரணம் வேடிக்கையானது. மிகவும் வறியவனைத் 'தேவாலயத்து எலி' என்று சொல்வது ஆங்கிலேயர் வழக்கம். தேவாலயத்தில் சமையலும் இல்லை, தானியமும் இல்லை. அங்கே வாழும் எலிக்கு என்ன கிடைக்கும்? ஒருநாள் தேவாலய வேலை ஒன்றில் ஈடுபட்டிருந்தபோது, "நாமெல்லாம் தேவாலயத்து எலிகள்தாம்" என்ற பேச்சு உடன் வேலை செய்தவரோடு எழுந்ததாம். உடனே அந்த மரத்திலேயே ஓர் எலியைச் செதுக்கிவிட்டார். அதுவே பின்னர் அவருடைய முத்திரை ஆயிற்று. வறுமையைச் சொன்ன எலி அவர் பெயரைச் சொல்லும் எலியாக மாறிவிட்டது! இன்று ஏலக்கடைகளில் அந்த எலியைத் தேடித்தான் ஆட்கள் வருகிறார்கள். அவர் காலத்துச் சாமான்களுக்குப் பெரும் விலை கொடுக்கிறார்கள். கில்பர்னில் அந்தத் தச்சுக்கூடம் இன்றும் இயங்குகிறது. இன்றும் அங்கே எலியைக் கையால்தான் செதுக்குகிறார்கள்.

நேயர்களே, இந்த எலியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாம்சனைக் காட்டிலும் நுட்பமாகச் செதுக்கிய கைகள் நம்மிடையே இருந்தன. ஆனால் அந்தக் கைகள் எலி எதையும் விட்டுச் செல்லவில்லை.

இப்போது செட்டிநாட்டுக்குச் செல்வோம். இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்த வட்டாரம் அது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்ற ஊர்ப் பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சென்ற நூற்றாண்டின் முற்பாதி வரை, ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக, நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினார்கள். தெருவில் முகப்பு, அதன்பின் திண்ணை, நடுவே வானம் தெரியும் வளவு, அதற்கும் பின்னே இரண்டாம் கட்டு, அடுக்களை என்று ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் வீடுகள் அவை. காரைக்குடியில் 1941-ல் கட்டிய 'ஆயிரம் ஜன்னல் வீடு' இன்றும் பார்ப்போரை நிறுத்தி வைக்கிறது.

அந்த வீடுகளின் உயிர் மரத்தில் இருக்கிறது. முகப்புக் கதவின் நிலையைப் பாருங்கள். மேற்பலகையில் இரு யானைகள் நீர் சொரியக் கஜலட்சுமி அமர்ந்திருப்பாள். பக்கத்தில் யாளி, கிளி, கொடி, தாமரை. தூணின் தலையில் கவிழ்ந்து தொங்கும் வாழைப்பூ. தூண்களில் பல ஒரே மரத்தில் எடுத்தவை. இரண்டு கைகளாலும் கட்டிப் பிடிக்க முடியாத பருமன் உள்ளவையும் உண்டு.

இந்த மரம் எங்கிருந்து வந்தது? பர்மாவிலிருந்து. பச்சைத் தேக்கு கனமானது. ஆற்றில் போட்டால் மூழ்கிவிடும். ஆகவே மரம் நின்றுகொண்டிருக்கும்போதே அடியைச் சுற்றிப் பட்டையும் வெளிமரமும் வளையமாக வெட்டிவிடுவார்கள். நாம் பால்மரத்தில் பட்டையைச் சீவுவது மரம் பிழைத்திருந்து பால் தருவதற்காக. அங்கே வெட்டுவது மரம் நின்றபடியே செத்து உலர்வதற்காக. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து மரத்தைச் சாய்த்து, யானைகளைக் கொண்டு இழுத்து, ஆற்றில் மிதக்கவிட்டு, ரங்கூன் துறைக்குக் கொண்டுவந்து, கப்பலேற்றித் தமிழ்நாட்டுக் கரையில் இறக்கினார்கள்.

அந்த மரத்துக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது? கடல் கடந்த வட்டித் தொழிலிலிருந்து. பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் எங்கும் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. நம் மூவாரிலும் அவர்கள் தொழில் நடந்தது. அந்தக் கிட்டங்கிகளில் நாற்காலி மேசை கிடையாது. தரையில் விரித்த பாய். எதிரே சாய்வான மூடியுள்ள ஒரு மரப்பெட்டி. கணக்கேடும் அதற்குள், கடன் சீட்டும் அதற்குள். அந்தப் பெட்டியே மேசை, அதுவே அலுவலகம். மகள் கல்யாணத்துக்கும், தகப்பன் காரியத்துக்கும் கடன் கேட்டு அந்தப் பெட்டியின் எதிரே உட்கார்ந்த தோட்டத்து மூத்தவர்களும் உண்டு. கடன் கிடைத்தது உதவிதான்; வட்டி கனத்ததும் உண்மைதான். செட்டிநாட்டுத் தூணைப் பார்த்து வியக்கும்போது, பர்மா உழவனின் நெல்லும் மலாயாத் தமிழனின் வியர்வையும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்தச் செல்வம் எப்படிச் சரிந்தது என்பதையும் வரலாறு சொல்கிறது. 1930-ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை விழுந்தது. கடன் திரும்பாததால் அடமான நிலங்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 100-க்கு 6 பங்கு நிலம் அவர்களுடையதாக இருந்தது. 1937-ல் அது 25 பங்காக ஏறியது. நிலம் சேர்ந்தது, மக்களின் மனம் கசந்தது. 1941-ன் இறுதியில் ஜப்பானியப் படை வந்தது. பர்மா 1948-ல் விடுதலை பெற்று நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. 1962-ல் வந்த இராணுவ ஆட்சி வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. வெளிநாட்டில் ஊற்று வற்றியதும் உள்ளூரில் வீடு இருண்டது.

ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். பிள்ளைகள் சென்னையிலும், வெளிநாடுகளிலும் குடியேறிவிட்டார்கள். ஓட்டை மாற்றவே பெருஞ்செலவு. ஆகவே பல வீடுகளை இடித்து விற்றார்கள். கதவு தனியே, தூண் தனியே, ஊஞ்சல் தனியே, பெட்டகம் தனியே, பூஜை அறைப் படம் தனியே போயின. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழம்பொருள் கடைகள் வரிசையாக எழுந்தன. உலகின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்து வாங்கினார்கள். ஒரு குடும்பத்தின் கல்யாண ஊர்வலங்கள் நுழைந்த நிலைவாசல் இன்று எங்கோ ஒரு விடுதியின் வரவேற்பறையில் அழகுக்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும்.

எல்லாம் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. சென்னைக்குத் தெற்கே கடலோரம் முட்டுக்காட்டில் 'தட்சிணசித்ரா' என்ற கலைக் கிராமம் 1996-ல் திறக்கப்பட்டது. 1984-ல் தோன்றிய சென்னை கைவினை அறக்கட்டளை அதை உருவாக்கியது. இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பிரித்து, மரத்துக்கு மரம் குறித்து வைத்து, அங்கே மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடும் அவற்றுள் ஒன்று. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலிலும் இடம் பெற்றுள்ளன. தமிழ்நாட்டில் மரச்சிற்ப வேலையும் அழிந்துவிடவில்லை. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-லும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-லும் புவிசார் குறியீடு பெற்றன. அதாவது, அந்த ஊர்க் கைவேலையின் பெயரை வேறு ஊரார் தம் சரக்குக்குச் சூட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தராது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீடுகளைப் பற்றிப் பேசும்போது கட்டிய செட்டியாரின் பெயரைச் சொல்கிறோம். மரம் வந்த நாட்டின் பெயரைச் சொல்கிறோம். கண்ணாடி வந்த பெல்ஜியத்தையும், சலவைக்கல் வந்த இத்தாலியையும் சொல்கிறோம். மாதக்கணக்கில் குந்தியிருந்து அந்தக் கஜலட்சுமியின் விரலைச் செதுக்கிய ஆசாரியின் பெயர்? பெரும்பாலும் எங்கும் இல்லை. தாம்சனுக்கு எலி இருந்தது. நம் ஆசாரிக்குக் கூலியும், வேலை முடிந்த அன்று வேட்டி துண்டும் இருந்தன.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். தாம்சன் பிறந்தது 1876-ல் என்றோம் அல்லவா? அதே 1876-ஆம் ஆண்டில்தான் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி வகுத்துக் கொடுத்தார். கம்பீரும் மிளகும் விளைந்த ஜொகூர் மண் ரப்பர் காடாயிற்று. 1909-ல் ஜொகூரைக் கடந்து இரயில் பாதை முடிந்தது. கங்காணியின் பின்னே நம் முன்னோர் வந்தார்கள். நகரத்தாருக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. நம் பாட்டன் பாட்டியோ கப்பலில் ஒரு தகரப்பெட்டியும் ஒரு துணிமூட்டையுமாக வந்தார்கள். கட்டிலும் பெட்டகமும் கொண்டுவர அவர்களுக்கு வழியில்லை. வேண்டியதை இங்கே கிடைத்த மரத்தில் செய்துகொண்டார்கள்.

சுற்றிலும் ஆயிரக்கணக்கில் பால்மரம் நின்றதே, அதில் ஏன் செய்யவில்லை? மூத்தவர்களுக்குக் காரணம் தெரியும். பால்மரக் கட்டையில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிச் சாய்த்த சில நாட்களிலேயே நீலக் கறை படரும், வண்டு துளைக்கும், கட்டை உளுத்து மாவாகக் கொட்டும். ஆகவே 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரம் அடுப்புக்கும், செங்கல் சூளைக்கும், புகைக்கூடத்துக்கும் விறகாயிற்று. மீதம் இருந்ததைக் காட்டிலேயே கொளுத்தினார்கள். மறுநடவுக் காலத்தில் இரவெல்லாம் எரிந்த அந்தத் தீயை லயத்து வாசலில் நின்று பார்த்த நினைவு எங்களில் பலருக்கு உண்டு. நம் தாய்மார் விடியற்காலையில் தலைவிளக்கோடு சென்று சுற்றிச் சுற்றிச் சீவிய மரங்கள் அவை.

பிறகு ஆராய்ச்சி வழி காட்டியது. வெட்டிய சில நாட்களுக்குள் பலகையாக அறுத்து, போரான் மருந்தை அழுத்தத்தால் உள்ளே செலுத்தி, சூளையறையில் உலர்த்திவிட்டால் அந்தக் கட்டை உளுப்பதில்லை. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தார் முதலானோர் செய்த முயற்சியால், 1980-களில் ரப்பர் மரத் தளவாடத் தொழில் வேகமாக வளர்ந்தது. இளமஞ்சள் நிறமும் சீரான இழையும் உடைய அந்த மரத்துக்கு வெளிநாட்டுச் சந்தையில் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'மலேசிய ஓக்'! தாவர முறைப்படி ஓக் மரத்துக்கும் பால்மரத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் ஓக் என்ற பெயருக்கு இருந்த மதிப்பு அப்படி. இன்று மலேசியாவிலிருந்து ஏற்றுமதியாகும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனவை. அந்தத் தொழிலின் பெரிய மையம் நம் ஜொகூரைச் சேர்ந்த மூவார். ஒரு காலத்தில் விறகாக எரிந்த மரம் இன்று உலகின் பல நாட்டுச் சாப்பாட்டு அறைகளில் மேசையாக நிற்கிறது. அதன் முதல் உளி பால்வெட்டுக் கத்திதான் என்று சொன்னால் மிகையாகுமா?

ஆலையில் செய்த மேசையில் கைச்சுவடு இராது. தோட்டத்தில் கைச்சுவடு வேறிடத்தில் இருந்தது. அதைச் சொல்லித்தான் எங்கள் மனத்தில் உள்ள கதையையும் சொல்லவேண்டும்.

நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் ஓர் ஆசாரி இருந்தார். லயத்துக் கதவு சன்னல் பழுது பார்ப்பது அவர் வேலை. மாலையில் தம் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொந்த வேலை செய்வார். அரிவாள்மனைப் பலகை, உலக்கை, மணப்பலகை, பல்லாங்குழி, காவடி வளைவு என்று கேட்டவர்க்கெல்லாம் செய்து கொடுத்தார். லயத்தின் பின்னே விழுந்த ஒரு பலாமரத்தில் கோயிலுக்கு ஒரு குதிரை வாகனம் செய்தார். குதிரையின் ஒரு காது சற்றுக் குட்டை. மரத்தில் அந்த இடத்தில் கணு இருந்ததாம். கணுவை வெட்டி எறிய மனமில்லாமல் காதை அதற்கேற்பச் சிறிதாக்கிவிட்டார். திருவிழா இரவில் அந்தக் குதிரைமேல் சுவாமி புறப்பட்டதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

பின்னர் தோட்டம் கை மாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் குளுவாங்குக்கும், ஜொகூர் பாருவுக்கும், கடல் பாலம் கடந்து சிங்கப்பூருக்குமாகச் சிதறின. கோயிலை வேறிடத்தில் புதிதாகக் கட்டியபோது புதிய வாகனங்கள் வந்தன. வண்ணம் உரிந்த பழைய குதிரை கொட்டகை ஓரத்தில் மழையில் நனைந்தது. ஒருநாள் யாரோ ஒரு வியாபாரி வந்து கொஞ்சம் வெள்ளி கொடுத்து ஏற்றிச் சென்றாராம். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. பழையது கழிந்தது என்றுதான் அன்று நினைத்தோம்.

பல ஆண்டுகள் கழித்து, மலாக்காவில் ஒரு பழம்பொருள் கடையில் அதைக் கண்டோம். குட்டைக் காதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கழுத்தில் ஒரு சீட்டுத் தொங்கியது. இந்திய மரக்குதிரை, செய்தவர் பெயர் தெரியாது என்று எழுதியிருந்தார்கள். விலை எங்கள் மாதச் சம்பளத்தை மிஞ்சி நின்றது. சீட்டு எழுதியவர்மேல் முதலில் கோபம் வந்தது. "செய்தவரை எங்களுக்குத் தெரியும்" என்று கடைக்காரரிடம் சொன்னோம். "அப்படியா, பெயர் என்ன?" என்று அவர் எழுதுகோலை எடுத்தார். வாய் திறந்த நாங்கள் அப்படியே நின்றுவிட்டோம். அவரை ஆசாரி என்றுதான் அழைத்தோம். ஆசாரித் தாத்தா என்றுதான் அழைத்தோம். அவருடைய பெயர் எங்களுக்கும் தெரியவில்லை.

அன்று முதல் தேடுகிறோம். அந்தத் தோட்டத்து மூத்தவர்கள் சிலரைக் கேட்டோம். அவர் வெற்றிலை போடமாட்டார் என்று ஒரு பாட்டி சொன்னார். குதிரைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார் என்று ஒரு பெரியவர் சொன்னார். பெயரை மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

நேயர்களே, இதனால்தான் இன்று இந்தப் பொருளை எடுத்துக்கொண்டோம். பொருள்களைச் சேர்ப்பவர்கள் தேடுவது மரத்தை மட்டுமன்று. மரத்தோடு ஒட்டிய செய்தியையும் தேடுகிறார்கள். யார் செய்தது, எப்போது, யாருக்காக என்ற செய்தி போய்விட்டால் கலைப்பொருள் வெறும் கட்டையாகிவிடுகிறது. அந்தச் செய்தியைக் காப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. ஓர் எழுதுகோல் போதும்.

கைவேலையை ஆலை வேலையிலிருந்து பிரித்தறியும் வழிகளையும் சொல்லிவிடுகிறோம். முதலில், இரு பக்கமும் ஒரே உருவம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். இயந்திரம் செதுக்கிய இரு கிளிகளும் அச்சில் வார்த்தவை போல இருக்கும். கை செதுக்கிய கிளிகளில் ஒன்றின் மூக்கு சற்று வளைந்திருக்கும். மற்றதன் வால் சற்று நீண்டிருக்கும். அடுத்து, பொருளைத் திருப்பி முதுகைப் பாருங்கள். முன்பக்கத்தை வழவழப்பாக்கிய ஆசாரி பின்பக்கத்தில் வாய்ச்சி வெட்டையும் இழைப்புளிச் சுவட்டையும் விட்டிருப்பார். பிறகு, மூட்டுகளைப் பாருங்கள். ஒரு சட்டத்தில் கழுந்து எடுத்து, மற்றதில் துளையிட்டுச் செருகி, மர ஆணி அடித்திருந்தால் அது பழைய வேலையாக இருக்கலாம். கடைசியாக, தேய்மானத்தைப் பாருங்கள். கை படும் இடத்திலும் கால் படும் இடத்திலும் தேய்ந்திருக்கவேண்டும். எல்லா இடமும் ஒன்றுபோல் தேய்ந்திருந்தால், விற்பவர் உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார் என்று பொருள்.

காப்பதும் கடினமன்று. நம் ஜொகூரின் ஈரக் காற்று மரத்துக்குப் பகை. பொருளைச் சுவரை ஒட்டியோ, வெறும் தரையிலோ வைக்காமல், செங்கல்மேல் சற்று உயர்த்திக் காற்றுப் படும்படி வையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டா. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அடியில் மெல்லிய மாவு கொட்டிக் கிடந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. அதை உடனே மற்ற சாமான்களிடமிருந்து பிரித்து வையுங்கள். மண்கூடு தெரிந்தால் கரையான் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய பொருளைப் புதிதாக்குகிறேன் என்று பளபளக்கும் சாயத்தைப் பூசிவிடாதீர்கள். உளிச்சுவடு மறைந்தால் திரும்பி வராது.

எங்கள் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் உள்ள கைவேலை மரப்பொருள் ஒன்றைப் பார்த்து, செய்தவர் பெயரைக் கேட்டு எழுதிவரச் சொன்னோம். பாதிப் பிள்ளைகள் 'தெரியாது' என்று எழுதி வந்தார்கள். ஒரு பெண் பிள்ளை மட்டும் ஒரு மணப்பலகையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அடிப்பக்கத்தில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகளும் ஓர் ஆண்டும் இருந்தன. அவளுடைய பாட்டனார் தம் திருமணத்துக்குத் தாமே செய்து, தம் பெயரின் முதலெழுத்தையும் மனைவி பெயரின் முதலெழுத்தையும் பொறித்து வைத்திருக்கிறார். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தது. அந்தப் பாட்டனார் தாம்சனைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் தம் எலியைச் செதுக்கிவிட்டார்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று மாலை வீட்டில் உள்ள முறுக்கு உரலையோ, உலக்கையையோ, ஊஞ்சல் பலகையையோ எடுத்து வையுங்கள். வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரையும், ஊரையும், ஆண்டையும் ஒரு தாளில் எழுதி, பொருளின் அடியில் ஒட்டி வையுங்கள். இடம் பெயரும் நாளில் அந்தத் தாளும் பொருளோடு வரும். கேட்பதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். நாங்கள் தள்ளிப்போட்டோம். குட்டைக் காதுக் குதிரை இன்றும் பெயரில்லாமல் எங்கோ நிற்கிறது.